கோலாகிப் போன ஆண்மரம்

ஏழு கடலுக்கு நடுவே ஒரு தீவு. தீவுக்கு நடுவே ஒரு மலை. மலைக்கு மேலே ஒரே ஒரு ஊசியிலை மரம். முன்னொரு காலத்தில் அந்த மரங்கள் அங்கே காடாய் நின்றன. பாய்மரத்துக்கென்று வெட்டி வெட்டி, ஒன்றுதான் மிஞ்சியது.

அதையும் வெட்டிவரச் சொல்லி அரசன் குயிலாயியை அனுப்பினான். குயிலாயி மரம்வெட்டி, எடுத்த வேலையை முடிக்காமல் திரும்பாதவள். கோடரியை ஓங்கினாள்.

"கொஞ்சம் பொறு தாயி," என்றது மரம்.

பிறகு தன் கதையைச் சொன்னது. அந்த இனத்துக்குப் பூவும் இல்லை, கனியும் இல்லை, கூம்பு மட்டும்தான். ஆண் தனி மரம், பெண் தனி மரம். இது பெண்மரம். ஆண்மரத்தின் மகரந்தம் காற்றில் வந்தால்தான் கூம்புக்குள் விதை பிடிக்கும். கடைசி ஆண்மரத்தையோ கடற்குகை மந்திரவாதி கைக்கோலாக மாற்றிக் கொண்டுபோய்விட்டான். வருஷா வருஷம் கூம்பு காய்க்கிறது, எல்லாம் பதர்.

"நான் விழுந்தால் எங்கள் வம்சமே முடிந்தது," என்றது மரம்.

எத்தனையோ மரம் சாய்த்த கை அன்றைக்குக் கோடரியை இறக்கியது. குயிலாயி நேரே குகைக்குப் போய்க் கோலைக் கேட்டாள். மந்திரவாதி சிரித்துக்கொண்டே மூன்று கோல்களைப் பாறைமேல் வைத்தான். மூன்றும் ஒரே நீளம், ஒரே நிறம்.

"உன் மரம் எது? சரியாகச் சொன்னால் கொண்டுபோ. தப்பினால் நீதான் நாலாவது கோல்."

குயிலாயி முதல் கோலை நகத்தால் கீறினாள், தூள் உதிர்ந்தது. இரண்டாவதைக் கீறினாள், தூள் உதிர்ந்தது. மூன்றாவதைக் கீறிவிட்டுக் காத்திருந்தாள். கீறிய இடத்தில் பொன்னிறப் பிசின் ஒரு துளி கசிந்து மணத்தது.

"செத்த கட்டைக்குக் காயத்தை மூடத் தெரியாது. இதுதான் உயிருள்ளது," என்றாள்.

சொன்ன வாக்கை மீறினால் மந்திரம் பலிக்காதே. மந்திரவாதி கோலை எடுத்து அவளிடம் நீட்டினான்.

மலையுச்சியில் கோலை ஊன்றினாள். மண் பட்டதும் மாயம் கலைந்து, கோல் மரமாய் ஓங்கி நின்றது. காற்று வீசியது. மஞ்சள் மகரந்தம் புகையாய்க் கிளம்பிப் பெண்மரத்தைச் சூழ்ந்தது. தாமதம் பொறுக்காமல் கோபத்தோடு மேலேறி வந்த அரசனின் தோளிலும் படிந்தது. குயிலாயி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"மகாராஜா, உங்கள் கப்பலுக்கு வேறு மரம் கிடைக்கும். இந்த மரத்துக்கு வேறு துணை கிடைக்காது."

அரசன் தோளில் படிந்த மகரந்தத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, அந்த மலையில் இனிக் கோடரி ஏறக்கூடாதென்று ஆணையிட்டு, மலைக்கே அவளைக் காவலாக்கினான்.

இரண்டு வருஷம் கழித்துக் கூம்புகள் விரிந்தன. சிறகு முளைத்த விதைகள் பறந்தன. மழைக்குப் பின் ஒரு முளை தலைகாட்டியது.

"இது உன் உயரம் வர எத்தனை நாளாகும்?" என்று கேட்டாள் குயிலாயி.

"முந்நூறு வருஷம் தாயி."

சரி என்று சொல்லிவிட்டு, அவள் தண்ணீர் கொண்டுவரச் சுனைக்கு இறங்கினாள்.