புயெப்லா வீதியில் ஒரு புது ஓடு

மெக்சிகோ நாட்டில் புயெப்லா என்றொரு பழைய நகரம். ஸ்பானியர் காலத்து வீடுகள் அங்கே நகை போட்டுக்கொண்டு நிற்கும். சதுர ஓடுகளைச் சுட்டு, வெள்ளைப் பூச்சு கொடுத்து, அதன்மேல் நீலத்தில் பூவும் பறவையும் எழுதி, மறுபடி சுட்டுச் சுவர் முழுக்கப் பதித்திருப்பார்கள். ஊர் பார்க்க வந்தவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பார்கள்.

அப்படியொரு வீடு எர்லிந்தா அம்மாளுடையது. ஒருமுறை நிலம் அதிர்ந்தபோது வீடு தப்பியது. வாசல் பக்கத்து ஓடு ஒன்று மட்டும் விழுந்து நொறுங்கியது. அம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. சுவரில் உள்ள ஒவ்வொரு ஓடும் வீடு கட்டிய அன்றே பதித்தது என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் அவள். அச்சு அசலாக அதேபோல் ஒன்று செய்து தரும்படி ரெமேதியோஸிடம் கேட்டாள். ரெமேதியோஸ் அப்போதுதான் சொந்தமாகப் பட்டறை போட்டிருந்த மண்வேலைக்காரி. அதுதான் அவளுக்கு வந்த முதல் வேலை.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூ எழுதினாள். சுடாத சாயம் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது.

“எனக்குக் கரி பூசிவிட்டாளே” என்று அழுதது ஓடு.

“உள்ளே வா. நீலம் என்னிடம்தான் இருக்கிறது” என்றது சூளை.

வெளியே வந்த ஓட்டை ரெமேதியோஸே வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்படியொரு நீலம்.

ஆனால் சுவர் அதை வரவேற்கவில்லை. காலி இடத்துக்குப் பக்கத்தில், கிளி எழுதிய ஓடு ஒன்று இருந்தது. அது கேட்டது: “நாங்கள் முதல் நாளே வந்தவர்கள். நேற்றுப் பிறந்த உனக்கு இங்கே என்ன வேலை?”

“இடம் காலியாக இருக்கிறது என்றார்கள். வந்தேன்” என்றது புது ஓடு.

எர்லிந்தா அம்மாளுக்கும் பிடிக்கவில்லை. வேலை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பட்டுத்துணியில் ஒட்டுப் போட்டதுபோல் தெரியும் என்றாள். அந்த இடத்தைச் சிமெண்டால் அடைத்துவிடும்படி கொத்தனார் அன்செல்மோவிடம் சொல்லிவிட்டாள். ரெமேதியோஸ் ஓட்டை எடுத்துத் துணியில் சுற்றினாள். சூளையில்கூட இவ்வளவு சுடவில்லை என்று நினைத்துக்கொண்டது ஓடு.

அன்செல்மோ பழைய சாந்தைச் சுரண்டினார். நில அதிர்வில் பிடி விட்டிருந்த கிளி ஓடு அவர் கையோடு வந்துவிட்டது. பின்பக்கத்தைத் துடைத்தார். ஈர மண்ணிலேயே கீறிய ஒரு பெயரும் ஒரு வருடமும் தெரிந்தன. அதை அப்படியே அம்மாளிடம் நீட்டினார். வீடு கட்டி ஒரு நூற்றாண்டு கழிந்தபின் வந்த வருடம் அது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த இன்னொன்றையும் கழற்றச் சொன்னாள். அதில் வேறு பெயர், வேறு வருடம்.

“என் முதுகை நான் பார்த்ததே இல்லை” என்றது கிளி ஓடு, மெதுவாக.

எர்லிந்தா அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். எத்தனை முறை நிலம் குலுங்கியிருக்கிறது, எத்தனை கைகள் இதை மறுபடி மறுபடி நிறுத்தியிருக்கின்றன என்று அன்றுதான் அவளுக்குத் தோன்றியது. முன்பைவிட அது அழகாகத் தெரிந்தது.

“உன் ஓட்டில் பெயர் போட்டிருக்கிறாயா?” என்று, கிளம்ப நின்ற ரெமேதியோஸிடம் கேட்டாள்.

“இல்லையம்மா. பழசுபோல் இருக்கட்டும் என்று போடவில்லை” என்றாள் ரெமேதியோஸ்.

அம்மாள் அன்செல்மோவின் உளியை வாங்கி அவளிடம் கொடுத்தாள். “போடு” என்றாள்.

மாலைக்குள் மூன்று ஓடுகளும் சுவரேறிவிட்டன. சாந்து இன்னும் காயவில்லை. புது ஓடு தயங்கித் தயங்கிப் பக்கத்தில் கேட்டது: “நான் எப்போது பழசாவேன்?”

“பக்கத்தில் இன்னொரு புதுசு வரும்போது” என்றது கிளி ஓடு. “அதனிடம் நீயாவது நல்லபடியாகப் பேசு.”