செம்பி யாருடைய அணில்?

ஆற்றங்கரைக் காட்டில் செம்பி என்றொரு மலையணில் இருந்தது. அதற்கு மூன்று வேலைகள் கைவந்திருந்தன. பட்டுப்போன மரத்தில் அது தாளம் தட்டினால் மான்கள் தம்மை மறந்து ஆடும். நான்கு குச்சிகளை வைத்துவிட்டு அதையே கூடு என்று சொல்லிக்கொள்ளும் மணிப்புறாக்களுக்கு, காற்றுக்கு அசையாத கூடு கட்டித் தரும். சாயங்காலமானால் முயல்களுக்குக் கதை சொல்லும்.

மூன்றையும் ஆசையாகத்தான் செய்தது. ஆனால் யாராவது பாராட்டினால் கூச்சம் வந்துவிடும். மூன்று வேலை செய்கிறவளை எதிலும் அரைகுறை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். “தாளமெல்லாம் சும்மா பொழுதுபோக்கு. உண்மையில் நான் கூடு கட்டுகிறவள்” என்று மான்களிடம் சொல்லும். புறாக்களிடம், தான் உண்மையில் கதை சொல்கிறவள் என்று சொல்லும். முயல்களிடமோ தாளம்தான் தன் தொழில் என்றுவிடும். எல்லாம் நம்பின.

ஒரு கோடையில் மேற்கே காட்டுத்தீ பிடித்தது. கருவாச்சி என்ற யானை, உடனே ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விடலாம் என்றது. நீந்தத் தெரியாதவர்களைத் தானே முதுகில் சுமப்பதாகவும், அவரவர் தம்மவரைக் கூட்டி வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பியது.

செம்பி தன் மரத்தில் காத்திருந்தது. மான்கள் எப்படியும் கூப்பிடும் என்று நினைத்தது. இல்லாவிட்டால் புறாக்கள். முயல்கள் தன்னை விட்டுவிட்டா போகும்?

புகை கண்ணைக் கரித்தது. ஒருவரும் வரவில்லை. இறங்கிப் பார்த்தால், மான்கள் படுக்கும் புல்வெளி காலி. முயல் வளைகளில் சத்தமே இல்லை. தான் கட்டிக் கொடுத்த கூடுகளில் ஒரு புறாவும் இல்லை. செம்பி ஆற்றங்கரைக்கு ஓடியது. அக்கரையில் காடே கூடி நின்றிருந்தது! செம்பி இக்கரையிலிருந்து தொண்டை கிழியக் கத்தியது.

கருவாச்சி திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டது. “எல்லாரும் வந்தாயிற்று என்றுதானே சொன்னீர்கள்? அங்கே நிற்பது யாருடைய ஆள்?”

“அது புறாக்களுக்குக் கூடு கட்டும் அணில்” என்றது மூத்த மான்.

“முயல்களின் கதைக்காரி அல்லவா அவள்?” என்றது ஒரு புறா.

“மான்களோடு வந்திருப்பாள் என்றல்லவா நினைத்தோம்! அவள் தொழில் தாளம் தட்டுவது” என்றது ஒரு முயல்.

ஒவ்வொரு சொல்லும் தண்ணீருக்கு மேல் தெளிவாகக் கேட்டது. செம்பி விக்கித்து நின்றது. யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் வஞ்சகம் செய்யவில்லை. அத்தனையும் தன் வாயிலிருந்து போன சொற்கள். பின்னால் மூங்கில்கள் படபடவென்று வெடித்தன. அதுகூடச் செம்பியின் காதில் விழவில்லை.

கருவாச்சி அதற்குள் ஆற்றில் இறங்கியிருந்தது. தீப்பொறி பட்டு வால் கருகிய செம்பியைத் துதிக்கையால் வளைத்துத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டது. பாதி ஆற்றில், “உன்னை எந்தக் கூட்டத்தில் இறக்கிவிட?” என்று கேட்டது.

செம்பி கரை ஏறியதும் எல்லார் முன்னாலும் சொன்னது: “நான் தாளம் தட்டுகிறவள். கூடு கட்டுகிறவள். கதை சொல்கிறவள். மூன்றும் என் தொழில்தான். ஒன்றும் பொழுதுபோக்கு இல்லை.”

மூத்த மான் தலையைத் தாழ்த்தியது. “அப்படியென்றால், எங்கள் ஆளைத்தான் நாங்கள் நெருப்பில் விட்டுவிட்டு வந்தோம்” என்றது. புறாக்களும் முயல்களும் செம்பியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றன.

நாம் செய்யும் வேலைகளை நம்முடையவை என்று நாமே சொல்லாவிட்டால், நம்மைத் தம்மவர் என்று சொல்ல வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.