ஓடு மாறும் நண்டுகள்

நத்தையும் நண்டும் வாய் ஓயாமல் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், செத்த நத்தைகளின் ஓட்டுக்குள் குடியிருக்கும் கடற்கரைச் சங்குநண்டுகளிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. முதன்முதலில் எந்த ஓட்டுக்குள் புகுந்தாயோ அதுதான் நீ. சாகும்வரை வெளியே வரக் கூடாது. பெயர்கூட ஓட்டை வைத்துத்தான். முள் ஓடு கிடைத்தவன் முள்ளோடன், வரி ஓடு கிடைத்தவள் வரியாள்.

முள்ளோடன் அந்தக் கட்டுப்பாட்டுக்காக உயிரையே விடுவான். விட்டுக்கொண்டுதான் இருந்தான். உடம்பு பெருத்துவிட்டது, ஓடு பெருக்கவில்லை. பின்னுடம்பு மரத்துப் போயிற்று. கடற்காகம் வந்தால் கால்களை உள்ளே இழுத்துக்கொள்ள இடமில்லை. ஏற்கெனவே ஒரு காலைக் கொத்திப் போய்விட்டது.

ஒரு காலையில் அலை பெரிய ஓடொன்றைக் கொண்டுவந்து போட்டது. வெற்று ஓடு. நண்டுகள் சுற்றி நின்று பார்த்தன. கிட்டே போக ஒன்றுக்கும் துணிச்சல் இல்லை.

"போங்க கொழுந்தனாரே, உங்களுக்குன்னு அளவெடுத்த மாதிரி இருக்கு" என்றாள் அவன் அண்ணன் மனைவி வரியாள்.

"என்ன மைனி பேசுறீங்க? இந்த ஓட்டை விட்டுட்டா அப்புறம் முள்ளோடன் ஏது?"

"உங்க அண்ணனும் இப்படித்தான் வீறாப்பு பேசுனாரு. உள்ளேயே நெரிஞ்சு செத்தாரு. ஓடு அப்படியே கிடந்துச்சு, அவரைத்தான் காணோம்."

முள்ளோடன் தன் ஓட்டைக் கொடுக்கால் தடவிப் பார்த்தான்.

"அது ஏதோ நத்தை கட்டுன ஓடு. நீங்களா கட்டுனீங்க? உள்ளே போறதுக்கு முன்னாடி நீங்க யாரு? நீங்க நகர்ந்தா உங்க ஓட்டுக்கு நான் வருவேன், என்னோடதுக்கு அடுத்தவ வருவா. எல்லாருக்கும் மூச்சு முட்டுதுய்யா!"

அவன் கண்ணை மூடிக்கொண்டு உடம்பை உருவினான். வெளியே வந்துவிட்டான். காற்று மெல்லிய தோலில் பட்டுக் கூசியது. திரும்பி, விட்டுவந்த ஓட்டுக்குள் எட்டிப் பார்த்தான். முள்ளோடன் அங்கே இருப்பான் என்று நிசமாகவே நம்பியிருந்தான். கொஞ்சம் தண்ணீரும் மணலும்தான் இருந்தன. புது ஓட்டுக்குள் பார்த்தான். அங்கேயும் யாரும் இல்லை. அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கண்டுக்கிட்டேன் மைனி! எல்லாம் வெறும் வெறுமை. நானே வெறுமை. இனிமே எனக்கு ஓடே வேண்டாம்!"

"ஆமா, இப்ப அதையே ஒரு ஓடா மாட்டிக்கிடுங்க. மேல பாருங்க, காகம் வருது. உள்ளே போங்க!"

நிழல் மணலைத் தொடுவதற்குள் அவன் புது ஓட்டுக்குள் புகுந்தான். கால், கொடுக்கு எல்லாம் அடங்கின. காகம் ஓட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பறந்து போயிற்று.

"இனி உங்களை என்னன்னு கூப்பிட?" முள் ஓட்டுக்குள் இறங்கியபடியே கேட்டாள் வரியாள்.

"கொழுந்தனாருன்னே கூப்பிடுங்க. நீங்க இருக்கிறவரைக்கும் அது போதும்."

அன்று தொடங்கியதுதான் இந்த வழக்கம். பெரிய ஓடொன்று கரை ஒதுங்கினால் சங்குநண்டுகள் பெரியது முன்னும் சிறியது பின்னுமாக வரிசை கட்டுகின்றன. கொடுக்கை விட்டுத் துழாவி, உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகே நுழைகின்றன. ஒன்று விட்டதில் அடுத்தது குடியேறுகிறது. கடைசியில் ஒரு சின்ன ஓடு மட்டும், யாருடையதாகவும் இல்லாமல், மணலில் மிஞ்சுகிறது.