வியர்த்த கையும் திருநீறு பூசிய கையும்

வெள்ளாற்றூர் மன்னர் வீரகேசரிக்கு உள்ளங்கை வியர்க்கும். சும்மா கொஞ்சநஞ்சம் அல்ல. வாளைப் பிடித்தால் வாள் நழுவி விழும். அதனாலேயே இருபது வருடமாக நாட்டில் போர் இல்லை. புலவர்கள் இதற்குக் கருணை என்று பெயர் வைத்துப் பாடினார்கள்.

"இதற்கு மருந்து கிடையாதா?" என்று மன்னர் கேட்கும்போதெல்லாம் அரண்மனை வைத்தியர் அகோரபண்டிதர் கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் பேசுவார்.

"நோயா? சிவசிவா. மகாலட்சுமி அல்லவா தங்கள் உள்ளங்கையில் குடியிருக்கிறாள், பிரபு. அந்த ஈரத்தைத் துடைக்கவே கூடாது."

மன்னர் துடைக்கமாட்டார். அவர் கை பட்டவர்கள்தான் ஓரமாகப் போய்த் துடைத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் மதியம் மன்னர் சாப்பிட உட்காரும்போது கழற்றி வைத்த மரகத மோதிரம் காணாமல் போனது. அப்போது அங்கே இருந்தவர்கள் இரண்டே பேர். நாடி பார்க்க வந்த பண்டிதர், சோறு பரிமாறிய சமையற்காரன் முத்திருளன்.

"நாளைக் காலை மாவுச் சோதனை வைத்துவிடலாம், பிரபு," என்றார் பண்டிதர்.

அது அந்த நாட்டுப் பழைய வழக்கம். சந்தேகத்துக்கு உள்ளானவர்கள் அரிசி மாவை ஒரு கை அள்ளிப் பிடிக்க வேண்டும். திருடின கை பயத்தில் வியர்க்கும், மாவு ஒட்டும். ஒட்டினால் மணிக்கட்டோடு கையை வெட்டிவிடுவார்கள்.

மறுநாள் சபை கூடியது. பண்டிதருக்கு அன்று பக்தி பொங்கியிருந்தது. முழங்கையிலிருந்து விரல்நுனிவரை திருநீறு. மாவை அள்ளினார், விட்டார். மணல் மாதிரி உதிர்ந்தது. அடுத்து முத்திருளன் பிடித்தான். பிடித்த மாவு கொழுக்கட்டை ஆனது.

"எனக்குச் சின்ன வயசிலேருந்தே இப்படித்தானுங்க சாமி," என்று அழுதான்.

"திருட்டும் சின்ன வயதிலிருந்தேதான் போலும்," என்றார் பண்டிதர்.

விகடகவி தேனப்பன் முத்திருளனின் கையருகே போய் நின்றான். தினமும் யாருக்கும் தெரியாமல் அவனுக்கு ஆறாவது தோசை போடுகிற கை அது. அவன் பண்டிதரின் விரல்களையே பார்த்தான். நேற்றுவரை நெற்றியோடு நின்ற பக்தி இன்று நகக்கண்வரை எப்படி இறங்கியது?

"மன்னா, வெட்டுவதற்கு முன் ஒரு சின்ன சந்தேகம். வியர்க்கும் கைக்கு வைத்தியத்தில் சிகிச்சை உண்டா? பண்டிதருக்குத் தெரியாது என்றால் விட்டுவிடலாம்."

"எனக்கா தெரியாது?" பண்டிதரின் மூக்கு விடைத்தது. "வெட்டிவேர்த் தண்ணீரில் கழுவலாம். அது சோம்பேறி வைத்தியம். படிகாரத் தண்ணீரில் தினம் ஊறவைக்கலாம். பலன் தெரிய ஒரு மாதம் ஆகும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் நரம்பைச் சுடலாம். வியர்வை நிற்கும், சிலருக்கு மூச்சும் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலானது என் கைப்பாகம். இரும்புச் சட்டியில் காய்ச்சிய கடுக்காய்க் கஷாயம். ஒரு ராத்திரி கையை ஊறவைத்தால் மூன்று நாளைக்குச் சொட்டு ஈரம் வராது."

"சிவசிவா, அற்புதம்," என்று தேனப்பனும் மூக்கால் சொன்னான். "அதில் குறையே இல்லையா?"

"மூன்று நாள் கை கறுத்திருக்கும். அவ்வளவுதான்."

"அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு பூஜை செய்ய வேண்டாமா?" என்று பக்கத்திலிருந்த செம்பை எடுத்துப் பண்டிதரின் கையில் மளமளவென்று தண்ணீர் ஊற்றினான். பக்தி கரைந்து ஓடியது. அடியில் இரண்டு கைகளும் அடிப்பிடித்த சட்டி மாதிரி இருந்தன.

"வியர்க்காத கைக்கு இவ்வளவு மருந்து எதற்கு, பண்டிதரே?"

மன்னர் மெதுவாக எழுந்தார். மோதிரத்தை மறந்தேவிட்டார்.

"அப்படியென்றால் என் கைக்கு மருந்து இருந்ததா?"

"அது... மகாலட்சுமி..."

"இருபது வருடமாகவா ஐயா?" மன்னர் காவலனைப் பார்த்தார். "ஊசியைக் காய்ச்சு."

பண்டிதரின் நெற்றி குபுகுபுவென்று வியர்த்தது. அங்கே கஷாயம் தடவ மறந்திருந்தார். "லேகிய ஜாடிக்குள் இருக்கிறது, பிரபு!"

பண்டிதரை இழுத்துப் போனார்கள். மன்னர் பாராட்டிக் கை நீட்டினார். தேனப்பன் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஏனடா?"

"லட்சுமி என் கைக்கு வந்துவிட்டால் நாளைக்கு என்னிடம் மாவை நீட்டுவீர்கள், மன்னா."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றோடு சோதனை ஒழிந்தது. மாவெல்லாம் அடுக்களைக்குப் போய், மாலையில் சபைக்கு நாற்பது கொழுக்கட்டையாக வந்தது. எல்லாரும் ஆளுக்கொன்றைக் கையில் எடுத்தார்கள்.

"முத்திருளனுக்குப் பிசையத் தண்ணீரே தேவைப்படவில்லையாம்," என்றான் தேனப்பன்.

எடுத்தவர்கள் எல்லாரும் தட்டிலேயே திருப்பி வைத்தார்கள். நாற்பதையும் அவன் ஒருவனே தின்று முடித்தான்.