குப்பாண்டி துணைவாய் தேடிய கதை

ஒரு காலத்தில் கொன்றைநாடு என்ற சீமையைக் கண்டராயன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. அப்படித்தான் ஒருநாள் மந்திரி திருமேனியாரைக் காரணமே இல்லாமல் ஒதுக்கிவிட்டு, தண்டநாயகர் விருப்பண்ணரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான்.

அந்த நாட்டுப் பெரிய ஏரிக்கு மடை திறக்கிறவன் குப்பாண்டி. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஊரைவிட்டு ஒரு காதம் தள்ளி, கரைமேல் ஒரு குடிசை. நாலு நாள் சேர்ந்தாற்போல் மனுஷக் குரல் கேட்காவிட்டால் கொக்கிடம் பேசுவான். கொக்கு என்ன பதிலா சொல்லும்? இவன் பேசி முடிப்பதற்குள் பறந்துவிடும்.

ஒருநாள் விடிந்து பார்த்தால் ராஜாவின் பூந்தோட்டத்தில் இடுப்பளவு தண்ணீர். ராணிக்காகக் கட்டிய மண்டபம் சரிந்து கிடக்கிறது. செய்தது யார் தெரியுமா? விருப்பண்ணரின் மைத்துனன் சொக்கப்பன். ஆற்று வாய்க்காலை அடைத்துத் தன் வாழைத்தோப்புக்குத் திருப்பப் பார்த்தான், அடைப்பு உடைத்துக்கொண்டது. மைத்துனனை விட்டுக்கொடுக்க முடியுமா? மடைக்காரன்தான் ஏரியைத் திறந்துவிட்டான், சொக்கப்பனே கண்ணால் பார்த்தான் என்று விருப்பண்ணர் ராஜா காதில் ஓதிவிட்டார். குற்றம் உறுதியானால் குப்பாண்டிக்கு வலது கை போகும் என்று ராஜா சொல்லிவிட்டான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். குற்றம் சாட்டப்பட்டவன் சபையில் வாய் திறக்கக்கூடாது. அவனுக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத் துணைவாய் என்று பேர். தோற்றால் இவனுக்குக் கை, துணைவாய்க்குக் கட்டைவிரல். மூன்று நாளில் துணைவாய் கிடைக்காவிட்டால் குற்றம் அதோடு உறுதி.

துணைவாய் தேடுகிறவன் என்று தெரிய, குப்பாண்டி கழுத்தில் ஒரு மரப்பட்டையைக் கட்டித் தெருவில் விட்டார்கள். அவன் திறந்துவிட்ட தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிடாத வீடு அந்த ஊரில் உண்டா? ஆனாலும் பட்டையைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தர் உள்ளே இருந்துகொண்டே தான் வீட்டில் இல்லை என்றார். வாதத்தில் புலி என்று பேர் வாங்கிய ஒருவர், இப்போதே கட்டைவிரல் வலிக்கிறதப்பா என்று சொல்லி அனுப்பிவிட்டார். தனக்காக ஒரு வார்த்தை பேச இத்தனை பெரிய ஊரில் ஒரு நாக்கு இல்லையே என்று நினைத்து, நடுத்தெருவில் நின்று அழுதான் குப்பாண்டி.

மூன்றாம் நாள் கடைசியாகத் தட்டியது திருமேனியார் வீட்டை. அங்கேயும் ஆள் நடமாட்டம் இல்லை. பதவி போன வீட்டுக்கு எவன் வருவான்?

"எனக்கு எழுத ஓலையே வருவதில்லை, கட்டைவிரலை வைத்துக்கொண்டு என்ன பண்ணப் போகிறேன்?" என்றார் திருமேனியார். "உட்கார். கூலி வேண்டாம். என்னிடம் ஒன்று விடாமல் உண்மையைச் சொல். வேறு எவனிடமும் ஒரு வார்த்தை சொல்லாதே. இந்த ரெண்டும் போதும்."

முதல் காரியம் லேசு. இருபது வருஷப் பேச்சு உள்ளே அடைந்து கிடந்ததே! மீன், கொக்கு, மழை என்று பொழுது சாயும்வரை கொட்டித் தீர்த்தான். மடை திறக்கிற விதத்தைச் சொன்னபோது மட்டும் திருமேனியார் நிமிர்ந்து உட்கார்ந்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

ரெண்டாவதுதான் கஷ்டம். விசாரணைக்கு முந்தின நாள் காலை, குப்பாண்டியை அடைத்து வைத்திருந்த காவல் மண்டபத்துக்குப் புளிச்சோறும் வெற்றிலையுமாக வந்தான் சொக்கப்பன். பக்கத்தில் உட்கார்ந்தான். தனியாக எப்படி அப்பா இருக்கிறாய் என்று உருகினான். சாட்சி சொல்லப் போகிறவனுக்கு மடையைப் பற்றி ஒரு எழவும் தெரியாது, அதுதான் சங்கதி. பேச்சோடு பேச்சாக, "ஆமாம், அந்த மடையை எப்படித்தான் திறப்பாய்?" என்றான்.

குப்பாண்டிக்கு நாக்கு துறுதுறுத்தது. பொய்க்காரன் என்று தெரிந்தும், பக்கத்தில் ஒரு மனுஷன் உட்கார்ந்து கேட்கிறானே என்று மனசு ஏங்கியது. வெற்றிலையை வாயில் திணித்து மென்றுகொண்டே இருந்தான். சொக்கப்பன் சலித்துப்போய் எழுந்து போனபிறகு குப்பாண்டிக்கு ஏரிக்கரையைவிட அந்த மண்டபம் வெறிச்சென்று இருந்தது.

மறுநாள் சபையில், குப்பாண்டி கரைமேல் நின்று மடையை இழுத்துத் திறந்ததைப் பார்த்தேன் என்று சொக்கப்பன் சத்தியம் செய்தான். திருமேனியார் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பார்த்தபடியே சொக்கப்பன் ஏரியில் திறந்து காட்டட்டும் மகாராஜா, அது போதும் என்றார். ராஜாவுக்கு வேடிக்கை என்றால் விடுவானா? சபையே ஏரிக்குக் கிளம்பியது.

சொக்கப்பன் கரையில் அங்கும் இங்கும் நடந்தான். இழுக்க ஒரு கயிறு இல்லை, கம்பி இல்லை. தண்ணீருக்குள் ரெண்டு கல்தூண் நின்றது. இதுதான் போல என்று போய்க் கட்டிக்கொண்டு ஆட்டினான். தூண் ஆடவில்லை. இவன்தான் வழுக்கித் தொப்பென்று விழுந்தான். விருப்பண்ணர் ஆகாயத்தைப் பார்த்தார்.

பிறகு ராஜா உத்தரவு கொடுக்க, குப்பாண்டி தூணுக்கு நடுவே மூழ்கினான். மடை திறக்கத் தூக்க வேண்டிய அடைப்புக் கல் மூன்று ஆள் ஆழத்தில் அல்லவா இருக்கிறது! நேரம் போயிற்று. ராஜா நாற்காலியைவிட்டு எழுந்தான். திருமேனியார் முழங்கால் தண்ணீரில் இறங்கி, "குப்பாண்டி, குப்பாண்டி" என்று கூப்பிட்டார்.

வாய்க்காலில் தண்ணீர் பீறிட்டது. தலை மேலே வந்தது. கரை முழுக்கப் பெருமூச்சு விட்டது. இருபது வருஷமாக மூழ்கி எழுகிறவன், தன் தலை தெரிகிறதா என்று காத்திருந்த முகங்களை அன்றைக்குத்தான் பார்த்தான்.

சொக்கப்பன் ஈரவேட்டியோடு ராஜா காலில் விழுந்து எல்லாவற்றையும் கக்கிவிட்டான். அவனுக்குச் சிறை. திருமேனியாருக்குப் பழைய ஆசனம். குப்பாண்டியிடம் என்ன வேண்டும் கேள் என்றான் ராஜா. நிலமா, வீடா?

"நான் முங்கி எந்திரிக்கிற வரைக்கும் கரையிலே ஒரு ஆள் நிக்கணும் சாமி," என்றான் குப்பாண்டி. "வந்துட்டானான்னு பார்க்க."

ராஜா விருப்பண்ணரைத் திரும்பிப் பார்த்தான். தண்டநாயகர் பட்டம் அன்றோடு போச்சு, கரையில் நிற்கிற வேலை வந்தது.

அதுமுதல் மடை திறக்கும்போதெல்லாம் விருப்பண்ணர் குடையோடு கரையில் நிற்பார். இவன் செத்தால் பழி தன் தலையில் விழும் என்ற பயத்தில், தொண்டை கிழியக் கூப்பிடுவார். குப்பாண்டியோ கல்லைத் தூக்கிய பிறகும் மூச்சு தாங்குகிற மட்டும் உள்ளேயே இருப்பானாம். மேலே ஒருத்தர் தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாரே, அதை இன்னும் கொஞ்சம் கேட்கலாமே என்று.