தலையாட்டும் வேலை

வேங்கைநகர் ராஜா சிங்கவேலருக்கு நல்ல மனசு. ஆனால் அந்த நல்ல மனசைச் சாசனமாக எழுதும்போதுதான் மனுஷன் சொதப்பிவிடுவார்.

"ஊர் வேலையில் அடிபட்டு, எந்த வேலையும் செய்ய முடியாமல் போனவருக்கு மாதம் இரண்டு கலம் நெல்" என்று கல்லில் வெட்டினார். அதோடு விட்டாரா? "முடியுமா முடியாதா என்று சொல்லவேண்டியது மானிய அதிகாரி. அவர் முத்திரை இல்லாமல், நானே சொன்னாலும் நெல் கிடையாது. மூன்று முறை மறுத்துவிட்டால் பிறகு மனுவே போட முடியாது" என்றும் வெட்டிவைத்தார்.

அதிகாரியின் பெயர் கருணாகரர். பெயர் வைத்தவர்களைச் சொல்லணும்!

மாடக்கண்ணு தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவன். போன திருவிழாவில் தேர் ஒரு முழம் கூடுதலாக உருண்டுவிட்டது. இரண்டு காலும் நசுங்கின, வலது கையும் போயிற்று. வீட்டில் மனைவி செங்கமலம், மூன்று பிள்ளைகள். குதிரில் ஒரு மணி நெல் இல்லை.

முதல் மனுவுக்குக் கருணாகரர் சொன்னார்: "வாய் இருக்கே! வயலில் கிளி ஓட்டு."

கத்தினான். கிளிகள் பக்கத்து வரப்புக்குப் போய் உட்கார்ந்து தின்றன.

இரண்டாவது மனு. "கண் இருக்கே! மாந்தோப்பைப் பார்த்துக்கொள்."

"பார்த்துக்கிட்டேதான் சாமி இருந்தேன். பறிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க."

மூன்றாவது மனு அரசவைக்கே வந்தது. செங்கமலம் புருஷனைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். கருணாகரர் பட்டு மெத்தையில் சாய்ந்தபடி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மடி இருக்கே! அரண்மனைப் பூனை படுக்க ஒரு மடி வேணும்."

ராஜாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் வாய் திறக்க முடியுமா? தான் வெட்டிய கல்லாயிற்றே! பாவமாக விகடகவி பூதப்பனைப் பார்த்தார்.

பூதப்பன் எழுந்தான். "ஐயா சொல்றது நூத்துக்கு நூறு சரி!"

"அடப்பாவி!" என்றாள் செங்கமலம்.

"இருமா. பூனை பிராண்டும். இவனுக்கு இன்னும் லேசான வேலையா பார்ப்போம். கருணாகரரே, உங்க வேலைக்கு நடக்கணுமா?"

"சேச்சே! பல்லக்கு இருக்கு."

"மனுவைப் படிக்கணுமே?"

"கணக்கன் படிப்பான்."

"முத்திரை குத்தணுமே?"

"குத்தினால்தானே! ஆறு வருஷத்தில் ஒன்றுகூடக் குத்தியதில்லை." கருணாகரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்போ என்னதான் செய்வீங்க?"

"மெத்தையில் சாய்ந்து, இப்படி." தலையை இடமும் வலமும் ஆட்டிக் காட்டினார்.

"அடேயப்பா! இதைவிட லேசான வேலை இந்த நாட்டில் உண்டா?"

"கிடையவே கிடையாது!" என்றது சபை. கருணாகரரும் பெருமையாகச் சிரித்தார்.

"அப்ப சரி. மாடக்கண்ணுவால இந்த வேலை முடியும்னா, நாளையிலிருந்து மெத்தை அவனுக்கு. இதுவே முடியாதுன்னா, வேற எதுவும் முடியாது. நெல் கொடுக்கணும். முடியுமா, முடியாதா? சாசனப்படி நீங்கதான் சொல்லணும்!"

பழக்கதோஷம், தலை ஆட ஆரம்பித்தது. பாதியில் நின்றது. கருணாகரருக்கு வேர்த்துக் கொட்டியது.

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றார் ராஜா ஆசையாக.

"முடியாது! சத்தியமாக முடியாது! இவனால் ஒரு வேலையும் முடியாது!" துருப்பிடித்த முத்திரை ஓலையில் டொக்கென்று விழுந்தது. செங்கமலம் அந்த ஓலையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு அழுதாள்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிப் பூதப்பன் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேணும், கேள்!"

"வாசலில் இன்னும் பதினேழு பேர் அடிபட்டவங்க நிக்கிறாங்க மகாராஜா. ஒவ்வொருத்தரையா இந்த மெத்தையில் உட்கார வெச்சுப் பார்க்கணும்."

"கூப்பிடாதீங்க!" என்று அலறிய கருணாகரர், பதினேழு ஓலையிலும் மடமடவென்று குத்தித் தள்ளினார்.

ராஜா மாடக்கண்ணுவைச் சீண்டினார். "ஏம்ப்பா, நிஜமாகவே அந்த வேலை உன்னால் முடியாதா?"

"முடியாதுங்க மகாராசா. எதிரில ஒருத்தர் பசின்னு நிக்கும்போது எனக்குத் தலை அப்படி ஆடாதுங்க."

ராஜாவின் சிரிப்பு நின்றது. மெத்தைப் பக்கம் திரும்பினார்.

"கருணாகரரே, நாளையிலிருந்து நீங்க கிளி ஓட்டப் போங்க. வாய்தான் இருக்கே!"