கைக்கு வராத படம்

“டீச்சர், இந்தப் படம் கைக்கு வரவே மாட்டேங்குது.”

பவளக்கொடி மவுசால் திரையில் ஒரே இடத்தைக் குத்திக்கொண்டிருந்தாள். எழுத்து நகர்ந்தது. பெட்டி நகர்ந்தது. படம் மட்டும் அசையவில்லை.

ஜெசிந்தா டீச்சர் அவளைவிட இருபது வயது சின்னவள். அரிசி மண்டிக்கு மேலே, மாடியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள். வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பின்னணியா வச்சீங்களா?”

“ஆமா. எல்லா ஸ்லைடுக்கும்னு ஒரு பட்டன் இருந்துச்சு. அமுக்கிட்டேன். தப்பா?”

“பின்னணியா வச்சது கைக்கு வராதுக்கா. பின்னாலயே நிக்கும்.”

நாளைக் காலை தாலுகா ஆபீஸில் கூட்டம். ஊருக்கு மேற்கே கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்தைச் சுற்றி வேலி போடச் சொல்லி மூன்று வருஷமாக நடக்கிறாள் பவளக்கொடி. இந்தத் தடவைதான் பேசப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள்.

ஏழு ஸ்லைடு. பள்ளத்தின் நீளம், ஆழம், மனு கொடுத்த தேதிகள். எல்லாவற்றுக்கும் பின்னால், போன வாரம் அவளே போனில் எடுத்த பள்ளத்தின் படம்.

“எழுத்தே தெரியல டீச்சர். தண்ணி அவ்வளவு கறுப்பா இருக்கு. எட்டாவதோட நின்னவளுக்கு இதெல்லாம் எதுக்குன்னு எங்க வீட்டுக்காரரே கேட்டாச்சு. நாளைக்கு அங்க யாராவது சிரிச்சா நான் வாயத் திறக்கவே மாட்டேன்.”

“படத்த வெளுக்க வச்சா எழுத்து எடுப்பாத் தெரியும்.”

டீச்சர் திரையில் ஒரு கோட்டைப் பிடித்து மெல்ல இழுத்தாள். பாறை வெளுத்தது. கருவேலம் வெளுத்தது. தண்ணீர் பழைய வேட்டி நிறத்துக்கு வந்தது.

கரையில் இருந்த நீலம் மட்டும் வெளுக்கவில்லை.

டீச்சரின் கை நின்றது.

“கரையில யாருக்கா அது?”

பவளக்கொடி ஒரு வாரமாக அதை சிமெண்ட் சாக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கும் தெரியுதா?”

“நீலப் பாவாடை. நமக்கு முதுகக் காட்டி உக்காந்திருக்கா.”

“நான் எடுக்கும்போது அங்க யாருமில்ல டீச்சர்.”

கீழே மூட்டை இறக்கும் சத்தம் நின்றிருந்தது.

டீச்சர் கோட்டைக் கடைசிவரை இழுத்தாள். திரை வெறும் வெள்ளையானது. வெள்ளையில் நீலப் பாவாடை அப்படியே இருந்தது. இரண்டாவது ஸ்லைடு. மூன்றாவது. ஏழாவது.

எல்லாவற்றிலும் முதுகு.

டீச்சர் உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். பிறகு ஏழு ஸ்லைடையும் முதலிலிருந்து நிதானமாகப் படித்தாள்.

“அடிக்கணக்கு இருக்கு. தேதி இருக்கு. நாலாவதுல ‘ஒரு சிறுமி மூழ்கி இறந்தாள்’னு இருக்கு. உங்க பொண்ணுக்குப் பேர் இல்லையாக்கா?”

“சொந்தக் கதை வேண்டாம், விவரம் மட்டும் போடுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க.”

“வீட்டுல?”

“வீட்டுல யாரும் அந்தப் பேரச் சொல்றதில்ல. சொன்னா அவரு சோத்த அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு. நானும் விட்டுட்டேன்.”

டீச்சர் கீபோர்டை அவள் பக்கம் தள்ளினாள்.

பவளக்கொடி ‘ஒரு சிறுமி’யை அழித்தாள். ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் தட்டினாள்.

பூவரசி.

நீலப் பாவாடை எழுந்து நின்றது.

டீச்சர் பதறி அடுத்த ஸ்லைடைத் திறந்தாள். வெள்ளையில் யாருமில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. ஏழிலும் இல்லை.

“எங்கக்கா போனா?”

பவளக்கொடி திரையைப் பார்க்கவில்லை. தங்கள் இருவருக்கும் நடுவில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க டீச்சர்,” என்றாள். “அவ பாவாடை நனைஞ்சிருக்கு.”